இசைக்குப் பிறந்த பெட்டி

1970-களின் தொடக்கத்தில் பிறந்தது இந்தப் பெட்டி. அறையின் நான்கு மூலைக்கும் ஸ்பீக்கர், நான்கையும் இயக்கச் சம பலமுள்ள நான்கு ஆம்ப்ளிஃபயர்கள், கூடவே ரேடியோ, எல்லாம் ஒரே உடலில். குவாட்ரஃபோனிக் ரிசீவர் என்றார்கள். செய்தவர்கள் மனத்தில் சினிமா இல்லை, இசைக்காகவே செய்தார்கள். மரான்ட்ஸ் 4400-இன் முகப்பில் சிறிய ஆசிலோஸ்கோப் திரையே உண்டு. நான்கு சேனல்களும் அதில் ஒளிக்கோடுகளாக ஆடும்.

ஆனால் பெட்டி நிலைக்கவில்லை; சிக்கல் இசைத்தட்டில் இருந்தது. இரண்டு சேனலுக்கான தடத்தில் நான்கை அடைக்க ஆளுக்கொரு வழி கண்டுபிடித்தார்கள். சிபிஎஸ்ஸின் எஸ்கியூ நான்கையும் இரண்டாகக் கலந்துவிடும், ரிசீவர் பிரித்தெடுக்க வேண்டும். சாதாரண டிகோடரில் முன்னுக்கும் பின்னுக்கும் 3 டெசிபெல்தான் இடைவெளி. ஜேவிசியின் சிடி-4 முறை 30 கிலோஹெர்ட்ஸ் அலைமீது கூடுதல் ஒலியை ஏற்றியது; அதைப் படிக்க ஷிபாடா முனை கொண்ட ஊசி வேண்டும். சான்சுயி கியூஎஸ் என்று இன்னொன்றை வைத்திருந்தது. ஒன்றுக்கு வாங்கிய தட்டு இன்னொன்றில் சரியாகப் பாடாது. பத்தாண்டு முடிவதற்குள் எல்லாம் கடையை விட்டுப் போயின.

பிறகு சினிமா இந்தப் பெட்டியைத் தத்தெடுத்தது. 1982-இல் டால்பி சரவுண்ட் வீட்டுக்கு வந்தது, 1987-இல் ப்ரோ லாஜிக். வசனத்துக்கென்று நடுவில் ஒரு ஸ்பீக்கர் சேர்ந்தது. பின்பக்கத்துக்குக் கிடைத்ததோ ஒரே சேனல், அதுவும் 7 கிலோஹெர்ட்ஸோடு வெட்டப்பட்டது. மழைக்கும் இரைச்சலுக்கும் அது போதும் என்பதால் பின் ஆம்ப்ளிஃபயர்களைச் சிறிதாக்கினார்கள். முன்னால் ஆளுயர ஸ்பீக்கர், பின்னால் கையளவு ஸ்பீக்கர் என்ற வழக்கம் அங்கே வேரூன்றியது. இசைக்கு இதைவிடப் பெரிய கெடுதலை வேறெந்தத் தொழில்நுட்பமும் செய்யவில்லை என்பேன்.

டிவிடி ஐந்து முழுச் சேனல்களையும் பாஸுக்கென்று ஒரு தனிச் சேனலையும் (5.1) கொண்டுவந்தது. 1999-இல் எஸ்ஏசிடி, 2000-இல் டிவிடி-ஆடியோ என்ற உயர்தர இசைத்தட்டுகள் வந்தன. இசை பெட்டிக்குத் திரும்பியது, ஆனால் வாசலில் தடை. உயர்தரப் பலசேனல் ஒலியை டிஜிட்டலாக வெளியே விட இசை நிறுவனங்களுக்கு நகல் பயம். ஆகவே பிளேயரிலிருந்து ரிசீவருக்கு ஆறு தனி அனலாக் கேபிள்கள். அந்த வழியில் வரும் ஒலிக்குப் பெரும்பாலான ரிசீவர்கள் ஸ்பீக்கர் தூரத்தையும் பாஸ் பங்கீட்டையும் சரிசெய்யாமல் அப்படியே விட்டுவிடும். 2004-இல் ஹெச்டிஎம்ஐ 1.1 டிவிடி-ஆடியோவுக்கும், 2005-இல் 1.2 எஸ்ஏசிடிக்கும் வழி திறந்த பிறகு ஒரே கேபிள் போதுமானது. டால்பி அட்மாஸ் என்ற அடுத்த ஒலிமுறை 2012-இல் திரையரங்கிலும், 2014-இல் வீட்டு ரிசீவரிலும் வந்தது. 2021-இல் ஆப்பிள் மியூசிக் அதில் பாடல்களைத் தரத் தொடங்கியது.

பிங்க் ஃப்ளாய்டின் 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' இந்தப் பெட்டியின் பல பிறவிகளிலும் கூடவே வந்திருக்கிறது: 1973-இல் ஆலன் பார்சன்ஸின் நான்கு சேனல் கலவை, 2003-இல் ஜேம்ஸ் கத்ரியின் 5.1 எஸ்ஏசிடி, 2023-இல் அட்மாஸ்.

இன்று இசைக்காக வாங்குபவர் முதலில் கையில் உள்ள பிளேயரைப் பார்க்க வேண்டும். ஹெச்டிஎம்ஐ இல்லாத பழைய பிளேயர் என்றால் பலசேனல் அனலாக் உள்வாசல் உள்ள ரிசீவரைத் தேட வேண்டும். புதிய ரிசீவர்கள் பலவற்றில் அது இல்லை. அடுத்தது வாட். அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் 100 வாட் பெரும்பாலும் இரண்டு சேனல்கள் மட்டும் ஓடும்போது அளந்தது. எல்லாச் சேனலும் ஓடும்போது எவ்வளவு என்று கேளுங்கள், ஏனென்றால் இசைக் கலவையில் பின்பக்கம் சும்மா இருக்காது. ஒரே விலையில் பதினொரு சேனல் பெட்டியும் திடமான ஐந்து சேனல் பெட்டியும் கிடைத்தால், பெரும்பாலும் 5.1 தட்டுகளைக் கேட்பவருக்கு நான் ஐந்தையே சொல்வேன். கூடுதல் ஸ்பீக்கர்கள் வாங்காததால் மிஞ்சும் பணம் பின் ஸ்பீக்கர்களுக்கு. ஐந்தும் ஒரே வகையாக, கேட்பவரிடமிருந்து ஒரே தூரத்தில் இருப்பது நல்லது. பின்னவை முதுகுச் சுவரில் அல்ல, சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் (ஐடியு) பரிந்துரைப்படி நேர்முன்னிலிருந்து 100 முதல் 120 டிகிரியில், தோளுக்குச் சற்றுப் பின்னால்.

வீட்டில் ஏற்கெனவே மனதுக்குப் பிடித்த ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர் இருந்தால் அதை விற்க வேண்டாம். ப்ரீ-அவுட் (வெளி ஆம்ப்ளிஃபயருக்கு ஒலியை அனுப்பும் வாசல்) உள்ள ரிசீவராக வாங்கி, முன் இரண்டு சேனல்களையும் அந்த ஆம்ப்ளிஃபயர் வழியாக ஓட்டலாம். மற்ற மூன்றை ரிசீவர் பார்த்துக்கொள்ளும்.