அயலாரின் கடன்: ஹுவராஸும் குறிஞ்சிப்பாடியும்

2015 நவம்பரில் நடந்த இரண்டு நிகழ்வுகளை அருகருகே வைத்துப் பார்க்கலாம். 9ஆம் தேதி புதுச்சேரி அருகே தாழ்வு மண்டலம் கரையைக் கடந்தபோது, நெய்வேலியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. பரவனாறு கரைபுரண்டது, குறிஞ்சிப்பாடி வட்டத்துத் தாழ்நிலக் கிராமங்களில் சம்பா வயல்கள் மூழ்கின. அதே மாதக் கடைசியில், பெரு நாட்டின் ஹுவராஸ் நகரைச் சேர்ந்த விவசாயியும் மலை வழிகாட்டியுமான சவுல் லூசியானோ யூயா, ஜெர்மனியின் எஸ்ஸென் நீதிமன்றத்தில் ஆர்.டபிள்யூ.ஈ. என்ற மின் நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தார். இரு ஊரும் அஞ்சுவது வெள்ளத்துக்கு. இரு ஊர்க்காரர்களும் கைநீட்டுவது பழுப்பு நிலக்கரி எரித்து மின்சாரம் எடுக்கும் நிறுவனத்தை நோக்கி.

ஒற்றுமை அவ்வளவுதான். ஹுவராஸுக்கு மேலே பால்கக்கோச்சா ஏரி இருக்கிறது. 1941இல் அது உடைத்துக்கொண்டு நகரில் பேரழிவை ஏற்படுத்தியது. இன்று பனியாறு உருகி ஏரி மீண்டும் பெருத்திருக்கிறது. அந்த உருகலுக்கு மனிதர் வெளியிட்ட கரியமில வாயுவே காரணம் என்பதை அறிவியல் நன்றாகவே நிறுவிவிட்டது. குறிஞ்சிப்பாடியில் அந்தத் தெளிவு இல்லை. வெப்பமான காற்று அதிக ஈரம் சுமக்கும் என்பது பொது விதி. ஆனால் அதே பருவத்தில், டிசம்பர் 1 அன்று சென்னையில் பெய்த பெருமழையை ஆராய்ந்த விஞ்ஞானிகளால் புவி வெப்பத்தின் பங்கைப் பிரித்துக் காட்ட முடியவில்லை.

குற்றம் சாட்டப்படுபவரின் தொலைவு இதற்கு நேர்மாறு. ஆர்.டபிள்யூ.ஈ.க்குப் பெருவில் ஒரு புகைபோக்கிகூட இல்லை. நெய்வேலியின் பழுப்பு நிலக்கரிச் சுரங்கமும் மின் நிலையப் புகைபோக்கிகளுமோ குறிஞ்சிப்பாடிக்கு அடுத்தாற்போல் இருக்கின்றன. நிலக்கரிப் படுகைக்குக் கீழே அழுத்தத்தோடு நிற்கும் ஊற்றுநீரை இரவும் பகலும் இறைத்தால்தான் சுரங்கம் ஓடும். அந்த நீர் கோடையில் பெருமாள் ஏரிப் பாசனத்துக்கு உதவுகிறது என்பதை விவசாயிகள் மறுப்பதில்லை. மழைக்காலத்திலும் சுரங்க நீரைப் பரவனாற்றில் விடுவதால் வெள்ளம் கூடுகிறது என்பதே அவர்களது நெடுநாள் புகார். 2023 ஜூலையில் சுரங்க விரிவாக்கத்துக்காகப் பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்ட, வளையமாதேவியில் கதிர்விடும் பருவத்து நெல்வயலில் இயந்திரங்கள் இறங்கின. பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் வழங்கச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

யூயா கேட்ட தொகை சிறியது, ஏறத்தாழ 17,000 யூரோ. தொழிற்புரட்சிக்குப் பிந்தைய உலக உமிழ்வில் நிறுவனத்தின் பங்கு 0.47 விழுக்காடு, ஆகவே வெள்ளத் தடுப்புச் செலவிலும் அதே விழுக்காட்டைத் தரட்டும் என்பது அவர் வாதம். அதற்கு அவர் துணை கொண்டது ஜெர்மானிய உரிமையியல் சட்டத்தில் அண்டை வீட்டார் தொல்லைக்கு எதிராகப் பயன்படும் ஒரு பிரிவு. மேல்முறையீட்டில், 2025 மே 28 அன்று ஹாம் மேல்நிலை நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது; அவர் வீட்டுக்கு அடுத்த 30 ஆண்டுகளில் ஆபத்து வரும் வாய்ப்பு மிகக் குறைவு என்றது. ஆனால் பெரும் உமிழ்வாளர்களைக் கொள்கையளவில் பொறுப்பாக்கலாம், தொலைவு அதற்குத் தடையல்ல என்றும் சொன்னது. தோற்றவர் வென்ற இடம் அது.

ஹுவராஸ் தரப்பில் வழக்குப் போட்டவர் ஒரு தனிமனிதர். நம் பக்கத்தில் உலக அரங்கில் வழக்காடுவது அரசு. 1992இல் ரியோவில் கையெழுத்துக்கு வந்த காலநிலை உடன்படிக்கையிலேயே, பொறுப்பு பொதுவானது, ஆனால் அளவில் வேறுபட்டது என்ற நெறி இடம்பெற்றது. இந்தியா அதை விடாமல் பிடித்து நிற்பதில் நியாயம் உண்டு. தலைக்கு ஆண்டுக்குச் சுமார் 2 டன் கரியமில வாயு வெளியிடும் இந்தியரும், அதைப்போல் மூன்று மடங்குக்கு மேல் வெளியிடும் ஜெர்மானியரும் ஒரே தட்டில் நிற்க முடியாது. வளரும் நாடுகளின் வற்புறுத்தலால் 2022இல் ஷார்ம் எல் ஷேக் மாநாடு இழப்பு, சேத நிதிக்கு இசைந்தது. 2023இல் துபாயில் அது செயலுக்கு வந்தது.

ஆனால் சராசரிக் கணக்கில் பரவனாற்றுக் கரை மறைந்துபோகிறது. நெய்வேலி மின்சாரம் தென் மாநிலங்களுக்கெல்லாம் போகிறது. நிலமும் வெள்ளமும் இந்த வட்டாரத்தின் பங்கு. தன் பங்குக்கு மேல் உமிழாத நாடு என்று டெல்லி வாதிடும்போது, அந்த எளிய சராசரிக்குள் குறிஞ்சிப்பாடி விவசாயியும் சேர்த்தே எண்ணப்படுகிறார். நிதி வரும்போது மட்டும் அவர் கடைசி ஆளாகிறார்.

நாட்டு எல்லைக்கு வெளியே தொலைவு சாக்காகக் கூடாது என்றால், எல்லைக்கு உள்ளே நாட்டின் தேவை என்பதும் சாக்காகக் கூடாது. சுரங்கத்திலிருந்து எந்த நாளில் எவ்வளவு நீர் வெளியேற்றப்பட்டது என்ற பதிவு கிராமசபைக்குக் கிடைக்க வேண்டும். மழைக்காலச் சேதத்தில் சுரங்கத்தின் பங்கைத் தனி வல்லுநர் குழு விழுக்காட்டில் சொல்ல வேண்டும். கண்டம் விட்டுக் கண்டம் 0.47 என்று கணக்கிட்டுக் கேட்க ஒரு மலைவாசியால் முடிந்தது. பக்கத்து ஊரின் கணக்கைப் போடுவது அதைவிடக் கடினமாக இருக்க முடியாது. அதைப் போட்ட பிறகு உலக மாநாட்டில் நாம் கேட்கும் கடனுக்கு வலு கூடும்.