ஹாரிதாவின் மகன் ஸைது

உக்காழ் சந்தையில் விலைக்கு வந்த அடிமைச் சிறுவர் ஸைது. ஹகீம் இப்னு ஹிஸாம் அவரை வாங்கித் தம் அத்தை கதீஜா அம்மையாருக்கு (ரலி) அளித்தார். அம்மையார் தம் கணவராம் அண்ணலாருக்கு (ஸல்) அளித்தார்கள். நபித்துவத்துக்கு முந்திய காலம் அது.

கல்பு கோத்திரத்துத் தந்தை ஹாரிதா, மகனைக் காணாது அழுது பாடிய கவிகளை வரலாற்றாசிரியர் பதிந்துள்ளனர். இருப்பிடம் அறிந்ததும் மீட்புப் பணத்துடன் தம் சகோதரரோடு மக்கா வந்தார். அண்ணலார் பணம் கேட்கவில்லை. முடிவை ஸைதிடமே விட்டார்கள். அவரோ தந்தையோடு செல்ல மறுத்துவிட்டார். அப்போதுதான் குறைஷியர் அறிய, 'இவர் என் மகன்' என்று அண்ணலார் அறிவித்தார்கள். ஹாரிதா மனம் ஆறித் திரும்பினார் என்பர். ஆறியிருக்கலாம், எனினும் பிள்ளையின்றியே திரும்பினார்.

'ஸைது இப்னு முஹம்மது' என்றே மக்கள் அழைத்தனர். பின்னர் மதீனாவில் அஹ்ஸாப் அத்தியாயத்தின் 5ஆம் வசனம் இறங்கி, வளர்ப்புப் பிள்ளைகளை அவர்தம் தந்தையர் பெயராலேயே அழைக்கப் பணித்தது. பிள்ளை வளர்ப்பதையே அது தடுத்ததாக நம்மிற் சிலர் எண்ணுவது பிழை. வம்சத்தை மாற்றுவதையே தடுத்தது. ஹாரிதாவின் பெயர் மகனோடு மீண்டும் சேர்ந்தது.

ஹிஜ்ரி 8இல் (கி.பி. 629) மூத்தாவுக்குச் சென்ற படைக்கு ஸைதையே முதல் தளபதியாக்கினார்கள் அண்ணலார். அங்கே அவர் வீழ்ந்தார். மதீனாவில் அச்செய்தியைச் சொல்லுகையில் அண்ணலாரின் கண்கள் நீர் சொரிந்தன.