பாய்மரப் படகில் உலகப் பயணம்: மாதேய், தாரிணி படகுகளும் கடல்வாழ்க்கையும்

பாய்மரப் படகில் உலகைச் சுற்றுவது என்றால் காற்றின் விசையால் பயணம் செய்து, புறப்பட்ட துறைமுகத்துக்கே திரும்பி வருவதாகும். இதற்குச் சில விதிகள் உண்டு. எல்லாத் தீர்க்கரேகைகளையும் கடக்க வேண்டும். நிலநடுக்கோட்டை இருமுறையாவது கடக்க வேண்டும். சூயஸ், பனாமா கால்வாய்களின் வழியே செல்லக் கூடாது. கடக்கும் தொலைவு 21,600 கடல் மைலுக்குக் குறையக் கூடாது. நிலநடுக்கோட்டின் 360 பாகைகளை, பாகைக்கு 60 கடல் மைல் வீதம் கணக்கிட்டால் கிடைக்கும் எண் இது. ஏறக்குறைய 40,000 கிலோமீட்டர்.

படகுகள்

இந்தியக் கடற்படையின் உலகப் பயணங்களுக்குப் பயன்பட்டவை மாதேய், தாரிணி என்னும் இரு படகுகள். இரண்டும் கோவாவில் ரத்னாகர் தண்டேகரின் படகுத்தளத்தில் கட்டப்பட்டவை. மாதேய் 2009இலும் தாரிணி 2017இலும் கடற்படையில் சேர்ந்தன. தாரிணியின் நீளம் 56 அடி, அதாவது சுமார் 17 மீட்டர். பாய்மரத்தின் உயரம் 25 மீட்டர். ஒடிசாவின் தாரா தாரிணி கோயிலையொட்டி இப்பெயர் இடப்பட்டது.

நான்கு பயணங்கள்

திலீப் தோண்டே 2009 ஆகஸ்டில் மும்பையிலிருந்து மாதேயில் புறப்பட்டு, நான்கு துறைமுகங்களில் தங்கி, 2010 மே மாதம் திரும்பினார். தனியாக உலகைச் சுற்றிய முதல் இந்தியர் அவரே. அபிலாஷ் டோமி அதே படகில் 2012 நவம்பர் முதல் 2013 மார்ச் வரை சுமார் 150 நாட்கள் எங்கும் நிற்காமல் தனியாகச் சுற்றி வந்தார்.

வர்த்திகா ஜோஷி தலைமையில் ஆறு பெண் அதிகாரிகள் 2017 செப்டம்பர் 10 அன்று கோவாவிலிருந்து தாரிணியில் புறப்பட்டு, 254 நாட்களுக்குப் பின் 2018 மே 21 அன்று திரும்பினர். புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா அழகிரிசாமியும் கோழிக்கோட்டைச் சேர்ந்த தில்னாவும் 2024 அக்டோபர் 2 அன்று அதே படகில் புறப்பட்டு, 2025 மே 29 அன்று கோவா வந்து சேர்ந்தனர். இருவருக்கும் பயிற்சியளித்தவர் அபிலாஷ் டோமி.

காவலும் உறக்கமும்

ஒருவர், அறுவர், இருவர் என ஆள் எண்ணிக்கை மாறும்போது படகின் அன்றாட வாழ்க்கையும் மாறுகிறது. முதலில் மாறுவது உறக்கம். நடுக்கடலில் நங்கூரமிட முடியாது; படகு இரவும் பகலும் ஓடிக்கொண்டே இருக்கும். ஆறு பேர் இருந்தால் காவலை முறைவைத்துப் பிரித்துக்கொள்ளலாம். இருவரே இருந்தால் ஒருவர் உறங்கும்போது மற்றவர் முழுப் பொறுப்பையும் ஏற்க வேண்டும். ஒருவர் நோயுற்றால் இரண்டு பேரின் வேலையும் மற்றவர் தலையில் விழும். தனியாகச் செல்பவர் தானியங்கிச் சுக்கானையும் எச்சரிக்கை மணியையும் நம்பிச் சிறிது சிறிதாக உறங்குகிறார். காற்று திடீரென மாறினால் உறக்கத்தை விட்டெழுந்து பாயைச் சுருக்கியாக வேண்டும்.

நீரும் உணவும்

சுற்றிலும் நீர் இருந்தாலும் குடிநீரை அளந்தே செலவிட வேண்டும். நெடுந்தொலைவுப் படகுகளில் கடல்நீரை நன்னீராக்கும் கருவி இருந்தாலும் அதற்கு மின்சாரம் தேவை. ஆகவே பாத்திரம் கழுவக் கடல்நீரும், முடிந்தபோது சேமித்த மழைநீரும் பயன்படுகின்றன. காய்கறி சில வாரங்களில் தீர்ந்துவிடும். பிறகு அரிசி, பருப்பு, உலர்த்திய உணவுப் பொட்டலங்களே கைகொடுக்கும். படகு சாயும்போதும் பாத்திரம் கவிழாதபடி அடுப்பு ஊசலாடும் சட்டத்தில் பொருத்தப்பட்டிருக்கும். படுக்கையிலிருந்து உருண்டு விழாமலிருக்கப் பக்கத்தில் துணி கட்டப்படும். மேல்தளத்துக்குச் செல்பவர் இடுப்புப் பட்டையைக் கயிற்றால் படகோடு பிணைத்துக்கொள்வர்.

பழுது

தென்பசிபிக்கில் நெமோ முனை என்னும் இடத்திலிருந்து மிக அருகிலுள்ள நிலமே சுமார் 2,688 கி.மீ. தொலைவில் உள்ளது. ரூபாவும் தில்னாவும் 2025 ஜனவரியில் இதைக் கடந்தனர். இத்தகைய இடத்தில் பாய் கிழிந்தாலும் கருவி பழுதானாலும் படகிலுள்ளோரே சரிசெய்ய வேண்டும். அதனால் தையல், மின்பணி, எந்திரப் பழுது, முதலுதவி ஆகியவையும் மாலுமிக்குரிய பயிற்சியாகின்றன. 2018இல் கேப் டவுனிலிருந்து கோவா திரும்பும் வழியில் தாரிணியின் சுக்கான் அமைப்பு பழுதானபோது, மொரீசியசின் போர்ட் லூயி துறைமுகத்துக்குச் செல்ல நேர்ந்தது.

கூடுதலாக ஒரு நாள்

கோவாவிலிருந்து ஆஸ்திரேலியா, நியூசிலாந்து வழியே கிழக்கு நோக்கிச் செல்லும் படகு, ஒவ்வொரு 15 பாகைக்கும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ள வேண்டும். பன்னாட்டுத் தேதிக்கோட்டைக் கடக்கும்போது ஒரே தேதி இருமுறை வரும். எனவே கரையில் இருப்பவர்களை விடப் படகில் இருப்பவர்கள் ஒரு சூரிய உதயத்தைக் கூடுதலாகக் காண்கின்றனர். கோவாவின் நாட்காட்டியில் 254 நாட்களாகப் பதிவான 2017-18 பயணத்தில், தாரிணியின் ஆறு பெண்களும் கண்டது 255 பகல்கள்.