டெய்லர் என்றொரு பேர்

தெல்தோட்டைப் பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்த எங்களுக்கு இரண்டு டெய்லர்களைத் தெரியும். ஒருவர், தீபாவளி நெருங்கினால் இராப்பகலாக மெஷின் மிதிக்கும் டெய்லர் மாமா. மற்றவர், பெரிய தாடியோடு படத்தில் இருக்கும் ஜேம்ஸ் டெய்லர். சின்ன வயதில் இந்தத் துரையும் உடுப்புத் தைக்கிறவர்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். சிரிக்காதீங்க, நாங்க நினைச்சது முழுப் பிழையில்லை.

1066இல் நோர்மன்காரர் இங்கிலாந்தைப் பிடித்தபோது அவர்களோடு பிரெஞ்சு மொழியும் வந்தது. துணி தைப்பவருக்கு ஆங்கிலத்தில் ஏற்கனவே ஒரு சொல் இருந்தது. நம் தையல்காரரைப் போல, தைப்பதிலிருந்து பிறந்த சொல். ஆள்பவர்களின் சொல்லோ வெட்டுவதிலிருந்து வந்தது. துணி வெட்டத் தெரிந்தவன்தானே பெரிய ஆள்! அந்தச் சொல்தான் டெய்லர். ஜேர்மனியரின் ஷ்னைடர் என்ற குடும்பப் பேருக்கும் வெட்டுகிறவர் என்றுதான் பொருள்.

ஒரே ஊரில் ஏழெட்டு ஜோன், ஏழெட்டு வில்லியம் இருந்தால் எப்படிப் பிரித்துக் கூப்பிடுவது? தையல்கார ஜோன், கொல்லன் ஜோன். நம்ம லயத்துப் பட்டப்பேர் மாதிரித்தான். பட்டப்பேர் ஆளோடு போய்விடும். அங்கே அது போகவில்லை. காணி அப்பாவிடமிருந்து மகனுக்குப் போகும்போது அதைக் காட்டப் பேரும் கூடவே போனது. 1377, 1379, 1381 என்று தலைவரி கேட்டு அரசாங்கம் ஆள்களை எழுதியது. பதினான்காம் நூற்றாண்டு முடியும்போது இங்கிலாந்தில் பெரும்பாலானவர்களுக்கு மாறாத குடும்பப் பேர் இருந்தது. ஊசியைத் தொடாத மகனும் டெய்லர். எழுத்துக்கூட்டல் மட்டும் பிரிந்தது: தொழிலை ஒரு மாதிரியும் பேரை இன்னொரு மாதிரியும் எழுதுகிறார்கள். தமிழில் எழுதும்போது அந்த வித்தியாசமும் இல்லை. மாமாவும் துரையும் ஒரே டெய்லர்.

1835இல் ஸ்கொட்லாந்தில் பிறந்த ஜேம்ஸ், அந்தப் பேரோடு 1852இல் இலங்கைக்கு வந்தார். தெல்தோட்டைக்கு மேலே லூல்கந்துர தோட்டத்தில் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். 1892இல் இறந்தபோது, 24 தொழிலாளர்கள் இரண்டு குழுவாக மாறி மாறி அவருடைய உடலைக் கண்டி மஹியாவை மயானம் வரை சுமந்தார்கள் என்று சொல்வார்கள். கேட்கிற இடமெல்லாம் அந்த 24 என்ற எண் வருகிறது. பேர் ஒன்றுகூட வருவதில்லை.

எங்கள் பேர் எப்படி நடக்கிறது என்று பாருங்கள். முத்துசாமியின் மகன் மு. இராமையா. இராமையாவின் மகன் இ. செல்வம். செல்வத்தின் பேரில் முத்துசாமி இல்லை. இரண்டாவது தலைமுறையிலேயே தாத்தா கழன்று விழுந்துவிடுகிறார். வீட்டுக்குள் இது ஒரு குறையே இல்லை. சாதிப்பேர் சுமக்காத பேர் என்பதால் எங்களுக்கு இது பிடிக்கும்கூட.

ஆனால் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் கேட்டது தாத்தாவை. அதற்குமுன் இங்கே பிறந்தவர் பிரஜையாக வேண்டுமானால் அப்பா இங்கே பிறந்திருக்க வேண்டும். இல்லையென்றால் அப்பாவின் அப்பாவும், அவருடைய அப்பாவும். லயத்தில் பிறந்த மனுசர் இதை எந்தக் கடதாசியில் காட்டுவார்? குடும்பப் பேர் இருந்திருந்தால் தப்பியிருப்போம் என்று சொல்ல வரவில்லை. எங்களை வெளியே வைக்கத்தான் அந்தக் கேள்வியே எழுதப்பட்டது. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று எழுதியது. மிச்சமிருந்தவர்களுக்கான சட்டம் வர 2003 ஆனது.

தோட்டத்தில் 'பேர்' என்றால் ஒரு நாள் சம்பளம். கொழுந்து நிறை குறைந்தால் "இன்னைக்கு அரைப்பேருதான்" என்று அம்மாமார் சொல்வதைக் கேட்டுத்தான் வளர்ந்தோம். செக்ரோலில் பேர் விழுந்தால் சம்பளம். தாத்தாமாரை நாள்தோறும் தவறாமல் எழுதிய புத்தகம் அதுதான். இங்கிலாந்தின் வரிப் புத்தகம் ஆளை எழுதும்போது பேர் நிலைத்தது. செக்ரோலில் நிலைத்தது கணக்கு.

இப்போது எங்கள் கூட்டாளிகள் பாஸ்போர்ட் எடுக்கிறார்கள். படிவத்தில் 'குடும்பப் பெயர்' என்று ஒரு கட்டம். எங்களில் ஒருத்தி பேனையைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் யோசித்தாள். பிறகு அப்பாவின் பேரை எழுதினாள். ஜோனின் மகன் ஜோன்சன் ஆனதும் இப்படித்தானே. லண்டனிலும் டொரொண்டோவிலும் எத்தனையோ தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தாத்தாவின் பேர் இப்போதே கடைசிப் பேராகிவிட்டது.

அன்றைக்குப் பின்னேரம் அவள் அப்பாவிடம் விசயத்தைச் சொன்னாள். "என் பேரா?" என்று கேட்டவர், எழுத்துக்கூட்டல் சரிதானா என்று படிவத்தின் பிரதியை வாங்கிப் பார்த்தாராம்.