ஒடுக்கத்துப் புதனும் ஒரு கடற்கரைப் பாதையும்

மயிலத்தில் நின்றால் கடல் தெரியாது. திண்டிவனம் சென்று, அங்கிருந்து கிழக்கே மரக்காணத்தை நெருங்கும்போதுதான் உப்பளக் காற்று முகத்தில் படும். ஆயினும் இவ்வட்டாரத்தார் கடலுக்குச் சென்று வருவது நேற்றுத் தொடங்கிய பொழுதுபோக்கு அன்று. மாசி மகத்தன்று மயிலம் முருகன் கோயில் உற்சவரைப் புதுச்சேரி வைத்திக்குப்பம் கடற்கரைக்கு எடுத்துச் செல்லும் வழக்கம் நம் அண்டை வீட்டாரிடம் இன்றும் உண்டு. தமிழகத்து முஸ்லிம் குடும்பங்களுக்கும் குடும்பத்தோடு வெளியே புறப்படும் ஒரு நாள் இருந்தது. ஸஃபர் மாதத்தின் கடைசிப் புதன்கிழமையாகிய அதனை ஒடுக்கத்துப் புதன் என்றனர். இன்று நம் மதரஸாப் பிள்ளைகளில் பலருக்கு அப்பெயரே தெரியாது.

அந்நாளில் மாவிலையில் திருவசனங்களை எழுதி, கழுவிய நீரைக் குடிப்பர், குளிப்பர். பின்பு ஆற்றங்கரைக்கோ தோப்புக்கோ கடற்கரைக்கோ சோறு கட்டிக்கொண்டு செல்வர். உர்தூ பேசும் குடும்பங்களில் இதன் பெயர் ஆகிரி சஹார் ஷம்பா. தென்னாட்டு முஸ்லிம்களின் வழக்கங்களைத் தொகுத்து ஜாஃபர் ஷரீஃப் எழுதி, மதராஸ் படையின் மருத்துவரான ஹெர்க்லாட்ஸ் ஆங்கிலத்தில் ஆக்கிய 'கானூனே இஸ்லாம்' 1832-இல் லண்டனில் வெளிவந்தது. அந்நூலிலும் இந்நாள் இடம்பெற்றுள்ளது. மக்கள் குளித்து, தோட்டங்களுக்குச் சென்று உலவியதை அது சொல்கிறது. ஆகவே, குறைந்தது இருநூறு ஆண்டுகளாக நம்மிடையே நிலவிய வழக்கம் இது.

இதற்குச் சொல்லப்பட்ட காரணங்கள் இரண்டு. ஸஃபர் பீடை மாதம், அதன் கடைசிப் புதனன்று முஸீபத்துகள் இறங்கும் என்பது ஒன்று. நபி (ஸல்) அவர்கள் தம் இறுதி நோயில் சற்றுத் தேறிக் குளித்த நாள் அது என்பது மற்றொன்று. இரண்டும் நிற்கமாட்டா. ஸஃபர் பீடை என்ற எண்ணம் அறியாமைக் கால அரபியருடையது. தொற்று, சகுனம் பற்றிய மூட எண்ணங்களோடு சேர்த்து நபி (ஸல்) அவர்கள் அதனையும் மறுத்தார்கள் என்பது அபூஹுரைரா (ரலி) அவர்கள் வழியாக புகாரியில் பதிவாகியுள்ளது. நோய் தேறிய கதையும் அவ்வாறே. ஸஃபர் மாதத்தின் இறுதியில்தான் அந்த நோய் தொடங்கியது என்பது சீறா ஆசிரியர் பலரின் கூற்று. மற்ற விஷயங்களில் ஒருவரையொருவர் கடுமையாக மறுத்த தேவ்பந்த், பரேல்வி ஆலிம்கள்கூட இந்நாளுக்கு மார்க்க ஆதாரம் இல்லை என்பதில் உடன்பட்டனர்.

இதுவரை நமக்கும் மறுப்பில்லை. ஆனால் வழக்கத்தை நீக்கியபோது நாம் எதை நீக்கினோம் என்று பார்க்க வேண்டும். மாவிலையும் போயிற்று, பீடை அச்சமும் போயிற்று, அல்ஹம்துலில்லாஹ். கூடவே கடற்கரையும் போய்விட்டது. வீட்டுப் பெண்கள், கிழவிகள், கைக்குழந்தைகள் என எல்லோரும் ஒன்றாய் வெளிக்காற்று வாங்கிய நாள் அது என்று முதியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஆண்களுக்குக் கடைத்தெரு இருந்தது, பயணம் இருந்தது. பெண்களுக்கு ஆண்டில் ஒரு நாள் இருந்தது. அந்த ஒரு நாளுக்கு ஈடாக நாம் எதையும் தரவில்லை.

பொழுதுபோக்கு என்றாலே வீண் என்று முகம் சுளிப்பவர்கள் ஹதீஸ் நூல்களைச் சற்று நிதானமாகப் புரட்டலாம். பெருநாளன்று அபிசீனியர் பள்ளிவாசலில் ஈட்டி விளையாட, ஆயிஷா (ரலி) அவர்கள் தாமாகவே சலிக்கும்வரை பார்க்கட்டும் என்று நபி (ஸல்) அவர்கள் அவர்களுக்கு மறைவாக நின்றுகொண்டிருந்தார்கள். பயணம் ஒன்றில் அவர்களோடு ஓட்டப்பந்தயம் ஓடித் தோற்றார்கள். பின்னொரு பயணத்தில் ஓடி வென்றார்கள். மனைவி மக்களோடு கலந்திருக்கும்போது நெஞ்சின் உருக்கம் குறைகிறதே என்று ஹன்ளலா (ரலி) அவர்கள் கலங்கி வந்தபோது, அதற்கொரு நேரம், இதற்கொரு நேரம் என்னும் கருத்தில் ஆறுதல் சொன்னார்கள். கடற்கரைக்கும் ஒரு சம்பவம் உண்டு. அபூஉபைதா (ரலி) அவர்களின் தலைமையில் முந்நூறு தோழர்கள் பட்டினியோடு செங்கடற்கரையை அடைந்தபோது, அலை ஒதுக்கிய மாபெரும் மீன் ஒன்றைப் பல நாள் உண்டனர். மதீனா திரும்பியதும் நபி (ஸல்) அவர்களும் அதில் எஞ்சியதைக் கேட்டு வாங்கி உண்டார்கள்.

மீன் என்றதும் நம் ஊர்ப்பாதை நினைவுக்கு வருகிறது. திண்டிவனத்தை ஒட்டிய கிடங்கில், ஓய்மாநாட்டு மன்னன் நல்லியக்கோடனின் ஊர். அவனைப் பாடியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார், நூல் சிறுபாணாற்றுப்படை. பரிசில் தேடும் பாணருக்கு வழிசொல்லும் அந்நூல், மரக்காணம் பகுதி என அறிஞர் கருதும் எயிற்பட்டினத்திலிருந்து உள்நாடு நோக்கி அழைத்து வருகிறது. அங்கே பரதவர் சுட்ட உலர்மீன் தந்து உபசரிக்கின்றனர். (கள்ளும் தருகின்றனர். நாம் மீனோடு நிறுத்திக்கொள்வோம்.) அலை கொண்டுவந்து போட்ட மணமுள்ள மரக்கட்டைகள் உறங்கும் ஒட்டகங்களைப் போலக் கிடந்தனவாம். அரபு நாட்டு விலங்கு நம் கடற்கரைக்கு உவமையாக வந்தது இஸ்லாம் தோன்றுவதற்கு முந்திய காலத்தில்! கடல் வாணிகம் எவ்வளவு பழையது என்பதற்கு இதைவிட இனிய சான்றை நாம் அறியோம்.

மரக்காணத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே சென்றால் கடப்பாக்கம். அங்கே கழிமுகத்தை ஒட்டி, செங்கலும் சுண்ணாம்பும் கொண்டு எழுப்பிய ஆலம்பரைக் கோட்டை இடிந்து நிற்கிறது. ஆற்காட்டு நவாபுகளின் துறைமுகம் அது. நவாப் தோஸ்த் அலி கான் காலத்தில் செழித்தது. நாணயச்சாலையும் அங்கே இருந்தது. துணியும் உப்பும் நெய்யும் கப்பலேறின.

அக்கோட்டை கைமாறிய விதம் நம் பிள்ளைகள் அறிய வேண்டியது. ஐதராபாத் நிஜாம் இறந்தபின், மகன் நாசிர் ஜங்கும் மகளின் மகன் முஸஃபர் ஜங்கும் பதவிக்காக மோதினர். தாய்மாமனும் மருமகனும்! மருமகன் பிரெஞ்சுக்காரரின் துணையை நாடினார். 1750 டிசம்பரில், செஞ்சிக்கு அருகே, தம்மோடு வந்த கடப்பை நவாபின் கையாலேயே நாசிர் ஜங் கொல்லப்பட்டார். விலங்கிலிருந்து விடுபட்டு அரியணை ஏறிய முஸஃபர் ஜங், உதவிக்குக் கைம்மாறாகத் தூப்ளேக்கு வழங்கியவற்றுள் ஆலம்பரையும் ஒன்று. சில வாரங்களில், 1751 தொடக்கத்திலேயே, அவரும் கொல்லப்பட்டார். 1760-இல் வந்தவாசிப் போரில் வென்ற ஆங்கிலேயர் ஆலம்பரையையும் பிடித்துத் தகர்த்தனர். கோட்டையைக் காட்டி 'நாம் ஆண்ட காலம்' என்று பெருமை பேசுவோர், அது யாருடைய சண்டையால் போயிற்று என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பூமியில் பயணம் செய்து முன்சென்றோரின் முடிவைப் பார்க்கும்படி குர்ஆன் பல இடங்களில் ஏவுகிறது. எகிப்துக்கும் ஸமூது கூட்டத்தாரின் நாட்டுக்கும் செல்ல எல்லோராலும் இயலாது. ஆலம்பரைக்கு இயலும்.

விரைவில் செல்வது நல்லது. 2004 சுனாமி எஞ்சிய சுவர்களையும் சிதைத்தது. உப்புக் காற்று மீதியை அரித்துக்கொண்டிருக்கிறது. தளர்ந்த சுவர்களின்மேல் பிள்ளைகளை ஏற்றிப் படம் எடுக்க வேண்டா. மரக்காணம் அருகே கழுவேலி ஈரநிலமும் இருக்கிறது. 2021-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2024-இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. குளிர்காலத்தில் தொலைதூரப் பறவைகள் அங்கே இறங்கும். வெயில் ஏறுமுன் போய்விட வேண்டும். இதற்கு ஸஃபரும் வேண்டா, புதனும் வேண்டா. விடுமுறை நாள் எதுவாயினும் போதும். பாட்டிமார்களை முதலில் வண்டியில் ஏற்றுங்கள்.

தொழுகையைப் பற்றிச் சிலர் கேட்கின்றனர். மயிலத்திலிருந்து ஆலம்பரைக்கு ஒருவழித் தூரம் எண்பது கிலோமீட்டருக்குக் குறைவு. ஆதலால் கஸ்ர் இல்லை. லுஹரை நான்கு ரக்அத்தாகவே தொழ வேண்டும். கடற்கரை மணல் தூய்மையானது. விரிப்பு ஒன்றும், ஒளூவுக்கும் குடிப்பதற்கும் போதிய நன்னீரும் எடுத்துச் செல்லுங்கள். நன்னீர் தீர்ந்துபோனாலும் கவலை வேண்டா. கடல்நீரில் ஒளூ கூடும்.