பாத்ரூமில் சாக்கடை நாற்றமா? வென்ட் குழாயைப் பாருங்க!

மாட்டுங்காவில் பழைய கட்டடமோ, செம்பூரில் புது டவரோ... மேல் வீட்டில் ஃபிளஷ் செய்தால் உங்கள் பாத்ரூம் தரையில் 'களக் களக்' சத்தம் வருதா? கூடவே நாற்றமா? காரணம் குழாய்க்குள் காற்று போதாததாக இருக்கலாம்.

என்ன நடக்கிறது?

நஹானி ட்ராப்பில் சுமார் 50 மி.மீ. தண்ணீர் எப்போதும் நிற்கணும். சாக்கடை வாயுவைத் தடுப்பது அதுதான். மேலிருந்து இறங்கும் தண்ணீர் காற்றையும் இழுத்துச் செல்லும். அதை ஈடுகட்ட, மொட்டை மாடி வரை நீளும் வென்ட் குழாய் வழியே வெளிக்காற்று வரணும். அது அடைபட்டால், ட்ராப் தண்ணீர் உறிஞ்சப்படும்.

ஆபத்தா?

2003-ல் ஹாங்காங்கின் அமோய் கார்டன்ஸ் குடியிருப்பில் 300-க்கும் மேற்பட்டோருக்கு சார்ஸ் தொற்றியது. 42 பேர் இறந்தனர். தண்ணீர் வறண்ட தரை ட்ராப்கள் வழியே கிருமி பரவியிருக்கலாம் என்பதே விசாரணையின் முடிவு.

என்ன செய்யலாம்?

* ஊருக்குப் போய்த் திரும்பியதும் ஒவ்வொரு ட்ராப்பிலும் ஒரு மக் தண்ணீர் ஊற்றுங்க.
* சத்தம் தொடர்ந்தால், வென்ட் குழாயின் உச்சியில் குப்பையோ பறவைக்கூடோ அடைத்திருக்கிறதா என்று சொசைட்டியைப் பார்க்கச் சொல்லுங்க.
* வீட்டைப் புதுப்பிக்கும்போது வென்ட் இணைப்பை மூட விடாதீங்க. மேல், கீழ் வீடுகளுக்கும் காற்று அதில்தான்.