ஓட்டை விழுந்த கிடார்

அமெரிக்க கன்ட்ரி பாடகர் வில்லி நெல்சனின் 'ட்ரிகர்' கிடாரைப் படத்தில் முதலில் பார்த்தபோது, யாரோ கீழே போட்டு உடைச்சிட்டாங்கன்னுதான் நினைத்தேன். ஒலித்துளைக்குக் கீழே இன்னொரு பெரிய ஓட்டை!

உடைந்ததல்ல, தேய்ந்தது. 1969-ல் அவர் வாங்கிய மார்ட்டின் என்-20 இது. நைலான் தந்தி போட்ட கிளாசிக்கல் வகை. விரலால் மீட்டுவதற்கென்றே செய்ததால், பிக் உரசாமல் காக்கும் தகடு முகப்பில் கிடையாது. நெல்சனோ பிக் பிடித்து வாசிப்பவர். மெல்லிய ஸ்ப்ரூஸ் பலகை எத்தனை வருஷம்தான் தாங்கும்?

ஆஸ்டினில் இதைப் பழுதுபார்க்கும் மார்க் எர்ல்வைன் லாக்கர் பூசுகிறார். உள்ளே தாங்குகட்டைகளைக் கவனிக்கிறார். ஓட்டையை மட்டும் அடைக்கவில்லை. அடைத்திருந்தால் கிடார் புதுசாகத் தெரிந்திருக்கும். நெல்சன் அதை எப்படி வாசித்தார் என்பதற்கான தடயம் போயிருக்கும். அதனால், அடைக்காமல் விட்டதே சரின்னு எனக்குப் படுகிறது.